மருமகளைப் படமெடுக்க உல்லைக்குப் போனது

காலை ஆறேகாலுக்குக் கல்முனையில் பொத்துவில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிக்கட் நூற்றுப் பத்து ரூபா. தூரம் எழுபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பயணப்பை. அதன் அடியில் இரண்டு சாரனில் சுற்றி, மேலே தொதல் இனிப்புப் பார்சல் வைத்து மறைத்து, என் புதுக் கமரா.

கட்டாரிலிருந்து வந்த மைத்துனன் தந்த பெரிய கமரா அது. நான் மருதமுனையில் சிறிய துணிக்கடை வைத்திருப்பவன். நாலு பேர் கூடினால் ஓரமாக ஒதுங்குகிறவன். கலியாண வீட்டில் கமராவோடு முன்னால் நிற்கிற ஆள் இல்லை. ஆனால் என் அக்கா, எங்கள் ராத்தாவின் மகள் ஹஸ்னா போனில் சொல்லிவிட்டாள்: "ஸ்டூடியோக்காரர் முன்னால மணப்பொண்ணு உடுப்போட நிக்க மாட்டன். மாமா எண்டா நிப்பன்." நான் தாய்மாமன். என் முன்னால் அவளுக்கு முக்காடு தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தாவைக் கட்டிய மச்சான் மட்டும் தன் கடலை விட்டு வரமாட்டேன் என்று நின்றதால், ராத்தாதான் உல்லைக்குப் போனா. வெளிநாட்டார் அறுகம்பே என்று சொல்லும் இடம். சுனாமி அவவைக் கொண்டுபோனபோது ஹஸ்னாவுக்குப் பதின்மூன்று வயது. அந்த வீட்டுப் படங்களும், மருதமுனைக் கரையில் இருந்த எங்கள் வீட்டுப் படங்களும் அதே காலையில் போயின. ராத்தாவின் முகம் எந்தக் கடதாசியிலும் மிஞ்சவில்லை.

"எனக்குப் புள்ளைகள் பொறந்தா உம்மாட முகத்த எப்படிக் காட்டுற மாமா? நான் உம்மாவப் போலத்தானாம். என்ட முகமாவது தெளிவா இரிக்கட்டும்," என்றாள் ஹஸ்னா. நாளைக்கு நிக்காஹ். இன்று அந்தப் படம் விழுந்தாக வேண்டும்.

ஒரு மாதமாகப் பழகினேன். முதலில் கமரா தானாகவே எடுக்கட்டும் என்று விட்டு, மனைவியை வாசலில் நிறுத்தி எடுத்தேன். வெளியில் இருந்த வெயில் அழகாக விழுந்தது. மனைவி விழவில்லை, கறுப்பாகத்தான் தெரிந்தாள். "என்னய அடுப்புக்குள்ள வெச்சா எடுத்தீங்க?" என்று கேட்டாள். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் கல்முனை ஸ்டூடியோக்காரர்தான் வழி சொன்னார்: "இந்த வட்டத்த 'எம்' எழுத்துக்குத் திருப்புங்க காக்கா. அதுக்குப் பொறகு கமரா யோசிக்காது. நீங்கதான் யோசிக்கணும்." துவாரம் எவ்வளவு அகலம், உள்ளே இருக்கிற கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும், கமரா வெளிச்சத்துக்கு எவ்வளவு கூசும் என்று மூன்றையும் நானே தீர்மானிக்க வேண்டும். எண் குறைந்தால் துவாரம் பெரிது என்பது மண்டையில் ஏறவே ஒரு கிழமை போனது.

அக்கரைப்பற்றில் பிளேன்டீக்குப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். அங்கே ஏறிய திருக்கோவில் விவசாயி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சோதனைச்சாவடி இருந்த இடம் நெருங்கியபோது என் கை தானாகவே பையை இறுக்கியது. போர்க் காலத்தில் அங்கே எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையாக நடப்போம். கமரா வைத்திருந்தவனைப் பகல் முழுக்க வெயிலில் நிறுத்தியதை நான் கண்டிருக்கிறேன். ராத்தா வீட்டுக்குப் போன ஒவ்வொரு முறையும் அந்த நடை இருந்தது. இப்போது அங்கே ஒரு மாடு படுத்திருந்தது.

"என்ன தம்பி, பையில வெடியோ?" என்றார் விவசாயி.

"கமரா அண்ணே."

"அதுக்கா இந்தப் பிடி? சண்டை முடிஞ்சு மூணு வருசம். எடுங்க வெளிய, நாங்களும் பாப்பம்."

எடுத்தேன். ஓடும் பஸ்ஸிலிருந்து வயலைப் படம் பிடித்தேன். துவாரத்தைத் திறந்தே விட்டிருக்கிறேன், எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். "ஓம், நல்லாத்தான் இருக்கு. நம்மட வயலுக்கு எப்ப தம்பி பனி பெய்ஞ்சது?" முன் இருக்கையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் திருக்கோவிலில் இறங்குவதற்குள் வயலுக்குப் பச்சை வந்துவிட்டது.

ஒன்பதரைக்குப் பொத்துவில். ஓட்டோவுக்கு நூற்றைம்பது ரூபா கொடுத்துப் பாலம் தாண்டி உல்லைக்குப் போனேன். ஹஸ்னாவுக்காக மச்சான் கட்டிய வீடு கடலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. வாசலில் நின்றால் தென்னைகளுக்கு இடையில் கடல் தெரியும்.

மணப்பெண் உடுப்போடு அவளை முற்றத்தில் இறங்க விடமாட்டார்கள். உள்ளே வெளிச்சம் போதாது. எனவே அவள் வாசற்படியில், கடல் முதுகுக்குப் பின்னால் இருக்க நின்றாள். நான் வீட்டுக் கூடத்துக்குள் நின்றேன்.

"என்ட கடலும் விழணும் மச்சான்," என்றார் மச்சான்.

பைக்குள் திணித்ததில் வட்டம் பழையபடி தானாக எடுக்கும் இடத்துக்குத் திரும்பியிருந்ததைப் பதற்றத்தில் கவனிக்காமல் எடுத்தேன். மச்சான் பார்த்துப் பூரித்தார். "பாருங்க, என்ன நீலம்!"

"நான் எங்க வாப்பா?" என்றாள் ஹஸ்னா. கடலுக்கு முன்னால் கறுப்பாக ஓர் உருவம் மட்டும் இருந்தது.

'எம்' எழுத்துக்குத் திருப்பினேன். துவாரத்தை அகலமாக்கினேன். கமராவுக்குள் தெரியும் அளவுமுள், வெளிச்சம் கூடிவிட்டது, கூடிவிட்டது என்று ஓரத்துக்கு ஓடியது. ஆனாலும் இன்னும் இரண்டு படி கூட்டினேன்.

"மச்சான், ரெண்டும் விழாது. முகமா, கடலா?"

வாழ்க்கையில் மச்சானிடம் நான் இவ்வளவு சத்தமாகக் கதைத்ததில்லை. அவர் வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "முகத்த எடுங்க," என்றார்.

எடுத்தேன். சின்னத் திரையில் வெள்ளைக்கு நடுவே ஹஸ்னா இருந்தாள். கண், இமை, ஒரு பக்கமாக இழுபடும் சிரிப்பு எல்லாம் தெரிந்தது. மச்சான் கமராவை இரு கையாலும் வாங்கிப் பார்த்தார். "இந்தச் சிரிப்புத்தான்... ஒன்ட உம்மா," என்றார். கமராவைத் திருப்பித் தர அவருக்கு வெகுநேரம் ஆனது.

கலியாணம் முடிந்த மறுநாள் திரும்பினேன். வரும்போது கமரா கழுத்தில் தொங்கியது. கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று என்று வழியெல்லாம் படமெடுத்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ராத்தா இருந்த காலத்தில் இப்படி ஒரு பயணம் வாய்த்திருந்தால் என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டது.

கல்முனையில் இறங்கி நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முகம் அச்சொட்டா விழுந்திரிக்கி காக்கா. பின்னாலதான் ஒண்டுமில்ல, வெள்ளையாக் கெடக்கு. நல்ல கடல் ஒண்டு இரிக்கி என்னட்ட, போட்டுத் தரவா?"

"வேணாம்," என்றேன். "கடல் வாசல்லயே கெடக்கு. முகத்தப் பெரிசாப் போடுங்க."