ஸ்கான் அறைக்குள் போன தாலி

என் மனைவியின் கழுத்தை ஒருமுறை வெட்டித் திறந்து, தேடியது கிடைக்காமல் திரும்பத் தைத்துவிட்டார்கள். நான் தண்ணீர்ப் பம்பு திருத்துபவன். கோளாறு எங்கே என்று தெரியாமல் ஒரு பம்பையும் கழற்ற மாட்டேன். அதனால் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சத்திரசிகிச்சை வைத்தியர் என்னவோ பொறுமையாகத்தான் விளக்கினார். தைரொயிட்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றனவாம். அவற்றில் ஒன்று அளவுக்கு மிஞ்சி வேலை செய்து, எலும்பிலுள்ள கல்சியத்தை உருவி இரத்தத்தில் கொட்டுகிறது. அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்ததும், கிணற்று வாளியைத் தூக்கியவுடன் மணிக்கட்டு முறிந்ததும் அதனால்தான். கழுத்தில் மூன்றுதான் கண்ணில் பட்டன, மூன்றும் நல்லவை. கெட்டது நெஞ்சுப் பக்கம் இறங்கியிருக்கலாம், சிலருக்குப் பிறவியிலேயே அப்படி என்றார். “இனிப் படத்திலை இடம் தெரிஞ்சால்தான் கத்தி வைப்பன்,” என்று கதையை முடித்தார்.

படம் என்றால் சீ.ரி. ஸ்கான். முதலில் வெறுமனே ஒருமுறை எடுப்பார்கள். பிறகு கையில் மருந்து ஏற்றி எடுப்பார்கள். அவளுடைய சிறுநீரகம் இருக்கும் இருப்பில் அந்த மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்ற முடியாது. அரியாலையிலிருந்து ஓட்டோவில் வரும்போது இதையெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றாள்.

தாலிக்கொடியை வீட்டிலேயே கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதில் எனக்கு ஆச்சரியம்தான், ஆனால் வாயைக் கொடுக்காமல் இருந்தேன். ஸ்கான் அறை வாசலில், “கழுத்திலை ஏதும் போட்டிருக்கிறியளோ அம்மா?” என்று படம் எடுக்கும் பெண் கேட்டபோது, “ஒண்டும் இல்லை” என்று கழுத்தை நீட்டியும் காட்டினாள்.

சிறிது நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்தாள். முகம் சரியில்லை.

“ஐயா, அம்மாவின்ரை நெஞ்சுக்குள்ளை பேஸ்மேக்கர் மாதிரி ஏதும் வைச்சிருக்கோ? படம் முழுக்கக் கோடு கோடாய் அடிக்குது.”

“அவவுக்கு நெஞ்சிலை ஒரு வருத்தமும் இல்லை. நெஞ்சு வருத்தக்காரன் நான்.”

உள்ளே போனேன். ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேல் இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டு எழும்பி இருந்தாள். பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. கொடியிலிருந்து தாலியை மட்டும் கழற்றி, துணியில் சுற்றி, உள்சட்டையில் ஊசியால் குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். சுரப்பி ஒளிந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்ன அதே இடத்தில்!

“உமக்கென்ன விசரோ? மருந்தும் ஏத்தின பிறகெண்டால் என்ன செய்யிறது? கழட்டித் தாரும்.”

“மாட்டன். போனமுறை ஒப்பரேசனுக்குக் கழட்டினனான். அண்டைக்குத்தானே உங்களுக்கு நெஞ்சு நொந்தது.”

நொந்தது உண்மைதான். அவளுடைய கழுத்தை அங்கே தைத்துக்கொண்டிருக்க, எனக்கு மாரடைப்பு வந்து அதே ஆஸ்பத்திரியில் வேறு வாட்டில் கிடந்தேன். ஆனால் வருடக்கணக்காகச் சுருட்டுப் பிடித்த நெஞ்சு அது. அதற்கும் தாலிக்கும் என்ன சம்பந்தம்? பொரிந்து தள்ளினேன். வாசலில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவள் மசியவில்லை. படம் எடுக்கும் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“அடுத்த ஆளை எடுக்கட்டோ அம்மா? பிறகு உங்களுக்கு வேறை திகதிதான்.”

அதற்குப் பிறகுதான் ஊசியைக் கழற்றினாள். தாலியை என் கையில் வைத்து, என் விரல்களைத் தானே மூடிவிட்டாள்.

“வாசல் வாங்கிலை இருங்கோ. தேத்தண்ணிக்கும் எழும்பக்கூடாது. ரோட்டுப் பக்கம் போகவே கூடாது.”

போய் அந்த மர இருக்கையில் இருந்தேன். எதிரிலேயே தேநீர்க் கடை. வெயிலுக்கு நாக்கு வறண்டது. எழும்பினால் அவளுக்குத் தெரியவா போகிறது? ஆனாலும் எழும்பவில்லை. என்னை நினைக்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

கதவு திறந்தது. “ஐயா, இப்ப படம் நல்ல தெளிவு. நெஞ்செலும்புக்குப் பின்னாலை ஒண்டு தெரியுது. மிச்சத்தை டொக்டர் சொல்லுவார்,” என்றாள் அந்தப் பெண். அவளுக்குப் பின்னால், ஊசி போட்ட கையில் பஞ்சு ஒட்டியபடி என் மனைவி வந்தாள். என்ன கண்டார்கள், இனி நெஞ்சையும் வெட்டுவார்களா என்று ஒன்றும் கேட்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நெஞ்சு நோகேல்லைத்தானே?”

இந்த மனுசியை என்ன செய்வது? திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.