என் கடைக்கு நானே வைத்த பட்டம்

சோறு விற்கிறவன் வீட்டில் ஒருத்தரும் நேரத்துக்குச் சாப்பிடமாட்டினம் என்றோ, நேரத்துக்குச் சாப்பிடுகிறவன் சோறு விற்கப் போகமாட்டான் என்றோ பெரியப்பா ஒன்று சொல்லுவார். எது சரியான வடிவம் என்று மறந்துபோச்சு. சாப்பாட்டுக்கடை வைத்துக் கை சுட்டுக்கொண்டவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும்.

நான் பத்து வயதில், ஜெர்மன் பேசும் லாங்கன்தால் என்ற சிறு ஊருக்கு வந்து, தமிழும் ஜெர்மனுமாகப் படித்து, பிறகு லண்டனுக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஓர் ஆங்கிலேயரின் கடையில் முட்டை பொரித்தவன். அங்கே கட்டட வேலைக்காரர்கள் இப்படியான கடைகளுக்குச் செல்லமாகப் பட்டம் வைத்திருப்பார்கள்: காஃப், சிப்பி, நோஷ் ஹவுஸ். பழைய ஆட்கள் சொல்வது ‘கிரீஸி ஸ்பூன்’. எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த கரண்டி. சொல்லும்போதே அவர்களுக்கு வாயூறும்.

போன வருடம் லாங்கன்தாலுக்கே திரும்பி, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கடை எடுத்தேன். மனைவி வசந்தி முதியோர் இல்ல வேலையை அரை நாளாக்கிக்கொண்டு சமையலுக்கு வந்தாள். ஒரு வருட ஒப்பந்தம். செப்டெம்பர் முடிவதற்குள், தொடர்வதா விடுவதா என்று கட்டடச் சொந்தக்காரருக்கு எழுதவேண்டும். கடைக்குக் ‘கிரீஸி ஸ்பூன்’ என்றே பெயர் வைத்தேன்.

பலகை

பெயர்ப்பலகை செய்பவர் நான் எழுதிக் கொடுத்த துண்டை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாந்தரமும் வாசித்தார். எழுத்துப்பிழை ஏதும் இல்லை என்றேன்.

“உங்களுக்கு இந்த ஊரில் எதிரிகள் யாரும் உண்டா?” என்று கேட்டார்.

ஒன்பது மணி

எதிர்த் தொழிற்சாலையில் ஒன்பது மணிக்குக் காலை இடைவேளை, பதினைந்து நிமிடம். முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். ஆள் இருந்தபிறகுதான் சட்டியை வைக்கவேண்டும் என்பது லண்டன் பழக்கம். முட்டை, சொசேஜ், பீன்ஸ், காளான் என்று தட்டு மேசைக்குப் போகப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மூன்று நிமிடத்தில் ஆறு பேரும் எழும்பி, ஒவ்வொருவராக என் கையைக் குலுக்கி, நன்றி சொல்லிப் போனார்கள். தட்டுகள் பாதியில் கிடந்தன.

மறுநாள் எட்டே முக்காலுக்கே பொரித்து வைத்துக் காத்திருந்தேன். அவர்கள் தொழிற்சாலை வாசலில் நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் வீதிக்கு அப்பாலிருந்து அன்பாகக் கையசைத்தார்: “ஆறவிடாதீர்கள், நீங்களே சாப்பிடுங்கள்!”

பரிசோதனை

உணவுப் பரிசோதகர் ஒரு அம்மா. மற்றக் கடைகளில் குளிர்பெட்டியிலிருந்து தொடங்குவாராம். என்னிடம் கரண்டியிலிருந்து தொடங்கினார். லாச்சியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்து வைத்தார். வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“உள்ளே எல்லாம் சுத்தம். வெளியே நீங்கள் கொடுத்திருக்கிற வாக்குமூலத்தைத்தான் எங்கே பதிவது என்று தெரியவில்லை.”

எங்கட ஆக்கள்

எங்கட ஆக்கள் கடைக்குள் இருந்து சாப்பிடுவதில்லை. சோறும் கறியும் ரெலிபோனில் ஓடர் சொல்லி, காரை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டு போவார்கள். வசந்தியின் கைக்கு மயங்காதவர் இல்லை. ஊஸ்டரிலிருந்து ஒரு பெண், மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ரோல்ஸும் பற்றிஸும் கேட்டாள். வசந்திக்கு இரண்டு நாளாக முகமெல்லாம் சிரிப்பு. பெட்டிகளைக் காரில் ஏற்றும்போதுதான் அந்தப் பெண் மெல்ல என் கிட்ட வந்தாள்.

“அண்ணை, சாப்பாடு திறம், அதிலை கதையில்லை. பெட்டியிலை ஒட்டியிருக்கிற பேரை மட்டும் உரிச்சுத் தாங்கோ. மாப்பிள்ளை பகுதி இங்கிலீஷ் வாசிக்கும்.”

ஆங்கிலேயர்

செப்டெம்பர் நடுவில், பாடனுக்கு வேலையாக வந்த ஓர் ஆங்கிலேயர் பலகையைக் கண்டு ரயிலை விட்டுவிட்டு உள்ளே வந்தார். தட்டைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயரை விளங்கிக்கொள்ள ஒரு மனிதர். அப்படியானால் ஏன் ஒருத்தரும் வருகிறார்கள் இல்லை என்று அவரிடமே கேட்டேன்.

அவர் சங்கடப்பட்டார். “நான் போகிற கடையின் பலகையில் முதலாளியின் மனைவி பெயர்தான் இருக்கிறது. இது நாங்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லவேண்டிய பெயர். நீங்களே எழுதிப்போட்டால் நாங்கள் என்ன செய்வது?”

லண்டன் முதலாளியின் பலகையிலும் அவர் மனைவி பெயர்தான் இருந்தது. பதினெட்டு வருடம் அதற்குக் கீழேதான் நுழைந்து வெளியே வந்தேன்.

கடைசி வாரம்

பலகையை மாற்றினால் என்ன, ‘வசந்தி’ என்றே போடுவோம் என்றேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “என்ர பேரைப் போட்டு ஆரும் வராட்டி நான் எந்த முகத்தோடை இந்த ஊரிலை திரியிறது? ஒரு வருசம் சனம் வராத கடைக்குள்ளை நிண்டது காணுமப்பா.”

வெள்ளிக்கிழமை தபாற்கந்தோர் பூட்டுவதற்கு முன், கடையைத் தொடரவில்லை என்று எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினேன்.