பொய்க்கு வார்க்காத தண்ணீர்

அந்த அரக்குப் பட்டுச் சீலை பன்னிரண்டு ஆண்டுகள் என் அலுமாரியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. தங்கையின் மகள் பூப்பெய்திப் பெரியபிள்ளையாகும் நாளுக்கென்று, அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது தாய்மாமன் என்ற உரிமையோடு வாங்கியது. பதினாறாகியும் அந்த நாள் வரவில்லை. உப்புவெளிச் சந்தைக்கு மீன் வாங்கப் போனால், உறவுக்காரி ஒருத்தி சந்தை முழுவதும் கேட்கச் சொல்வாள்: "பிள்ளையின்ர சாமத்தியச் சோறு எப்ப அண்ணை? எங்கட பல்லு விழ முன்னம் வையுங்கோ!"

ஒருநாள் தங்கை வந்து நின்றாள். "அண்ணா, வந்திட்டுது எண்டு சொல்லித் தண்ணி வார்ப்பம். சனத்தின்ர வாயை மூட வேற வழியில்லை."

தாய்மாமன் தேங்காய் உடைத்துப் பிள்ளையின் தலையில் நீர் வார்க்காமல் எங்களிடையே அந்தச் சடங்கு நிறைவேறாது. துறைமுகத்தில் இயந்திரம் திருத்தியவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிள்ளையை இயந்திரத்தோடு ஒப்பிடமாட்டேன். ஆயினும் காரணம் அறியாமல் எதையும் மூடி வைக்க என் தொழில் எனக்குக் கற்பிக்கவில்லை. பொய்ச்சடங்கு முடிந்தால் அவளை எவரும் வைத்தியரிடம் கூட்டிச் செல்லார் என்பதும் விளங்கியது.

"பொய்க்குத் தண்ணி வார்க்க எனக்கு ஏலாது. நான் இல்லாமச் செய், பார்ப்பம்," என்றேன்.

மறுவாரம் தங்கையும் மருமகளும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் அம்மா என்னை வெளியே இருத்தினார். உள்ளே நடந்ததை மருமகளே பின்னர் சொன்னாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். உயரம், நிறை அளந்தார். தாய் எந்த வயதில் பெரியபிள்ளையானாள், மாதந்தோறும் வயிற்றுவலி உண்டா என்று கேட்டார். பதினைந்திலேயே கூட்டி வந்திருக்க வேண்டுமெனக் கடிந்துவிட்டு, இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் அனுப்பினார். முடிவு வந்தபோது தாயைப் பார்க்காமல் பிள்ளையின் முகம் பார்த்துச் சொன்னார்:

"பிறக்கேக்கையே உங்களுக்குக் கருப்பை வளரேல்லை. சூலகம் நல்லா வேலை செய்யுது. மாதவிடாய் வராது. இது ஒருத்தற்ற பிழையுமில்லை."

"அப்ப நான் பொம்பிளை இல்லையோ?"

"அதைச் சொல்லுறது ஸ்கான் இல்லை, பிள்ளை."

தங்கை பல நாள் அழுதாள். செய்தி கசிந்ததும் உறவினர் சிலர் வரவை நிறுத்தினர். அவர்கள் வந்து உட்கார்ந்த கதிரைகள் வெறுமையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வாண்டு திரியாய் ஊர்ப் பள்ளியொன்றில் அவளுக்கு ஆசிரியை நியமனம் கிடைத்தது. வேலைக்குப் போகும் முதல்நாள் காலையில் என் வீட்டுக்கு வந்து அலுமாரியைத் தானே திறந்து, அந்தச் சீலையை உடுத்தினாள். பஸ் தரிப்பிடத்தில் அதே உறவுக்காரி நின்றிருந்தாள். நான் தாழ்ந்த குரலில், "மடிப்புக் கோடு தெரியுது, பிள்ளை," என்றேன்.

"தெரியட்டும், மாமா."