சாக்பீஸ் போட்ட தெரு

வெள்ளச் சேதத்தை ஆராய்ந்து வயிற்றைக் கழுவுகிற கூட்டத்தில் அவளுக்குக் கறார்க்காரி என்று பெயர். வருடக்கணக்காகச் சேற்றில் நடந்தவள். இந்தத் தடவை குழுத் தலைமை தனக்குத்தான் என்று அம்மாவிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள். மேலிடமோ இளம் ஆய்வாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று ஒன்றைக் கிளப்பிவிட்டது. அதில் தேறுகிறவருக்கே பதவியாம். அவளும் போய் உட்கார வேண்டியதாயிற்று.

பயிற்சி தந்தவர் வெள்ளத்தை டிவியில் பார்த்தவர். ஏசி அறையில் காகிதக் கப்புகளைக் கோபுரமாக அடுக்கச் சொன்னார். "தலைவன் காத்திருக்க மாட்டான், முந்திக்குவான்" என்றார். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான், கூடப் பயிற்சிக்கு வந்த மைக். எந்தக் கூட்டத்திலும் மைக்கைக் கீழே வைக்காததால் வந்த பெயர்.

கடைசித் தேர்வு, வெள்ளம் வடிந்த ஒரு பேட்டையில் வீடு வீடாகப் போய்ச் சேதத்தைக் கேட்டு எழுதுவது. பேசி முடித்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் வட்டம் போடுவது அவர்கள் வழக்கம். பறிகொடுத்தவர்களை இன்னொரு குழு வந்து மறுபடி குடையக் கூடாதல்லவா. மைக் விடிந்ததும் ஒரே ஓட்டமாக ஓடி ஒரு தெருவின் எல்லாக் கதவுகளிலும் வட்டம் போட்டுவிட்டான். முந்திக்கொண்டானாம். மற்றவர்கள் வட்டத்தைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். அவனோ பாதி வீடுகளைக்கூடப் பேசி முடிக்காமல், பசிக்கிறது என்று வேனில் ஏறிவிட்டான்.

திரும்பும் வழியில் ஒரு அம்மா கறார்க்காரியை நிறுத்தினாள். "கதவுல கிறுக்கிட்டுப் போனாங்களே, ஒரு வார்த்தை கேக்கலியேம்மா?"

சாயங்காலம் பயிற்சியாளர் மைக்கின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். "தெருவையே கையில எடுத்தான் பாருங்க."

"பாதி வீட்டுக்குள்ள காலே வைக்கலியேடா" என்றாள் அவள்.

"சின்ன விஷயம்க்கா. மொத்தமா பாருங்க."

"மொத்தமா பாத்தா நீ சாக்பீஸைத் தேய்ச்சதுதான் மிச்சம்."

பயிற்சியாளர் அவளைத் தனியே கூப்பிட்டார். "இதைக் கிளப்பாதீங்கம்மா. குழுவோட ஒத்துப் போகாதவங்கன்னு எழுத வேண்டி வரும்."

பதவி அந்த ஒரு வரியில் தொங்குவது அவளுக்குத் தெரிந்தது. இந்த மனிதரின் கப்புக் கோபுரமும் ஞாபகத்துக்கு வந்தது. ஃபேன் போட்டதும் சரிந்து விழுந்த கோபுரம்.

"எழுதிக்குங்க சார்."

மறுநாள் மைக்குக்கு மாலை போட்டார்கள். அவள் ஈரத்துணியோடு அந்தத் தெருவில் நின்று, பேசாத வீட்டு வட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அம்மா.

"என்னடி, தலைவி ஆயிட்டியா?"

"இல்லம்மா. வேலை கிடக்கு, அப்புறம் பேசறேன்."

நேற்று நிறுத்திய அம்மா கதவைத் திறந்தாள்.

"இப்பப் பேச முடியுமாம்மா? இல்லன்னா நாளைக்கு வரேன்" என்றாள் கறார்க்காரி.