ஒன்பது நிமிடம் இருபது நொடி

போர்ஹில்ட் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட திமிங்கலங்களைச் சுட்டிருக்கிறாள். ஊரில் பேசுவது ஒன்றைப் பற்றித்தான். அது சாக ஒன்பது நிமிடம் இருபது நொடி ஆனது. அரசாங்கத்திடம் அதைச் சொன்னவள் அவளே. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் ஹாவ்சூலா படகில் பதினாறு வருடமாக இருக்கிறேன். சமையல் என் வேலை. திமிங்கலம் தளத்துக்கு ஏறியதும் கத்தியும் என் வேலை. மொத்தம் நான்கு பேர். படகு ஐலிஃபுடையது, சுக்கான் அவனிடம். அவன் தங்கை போர்ஹில்ட் முன்முனையில், ஈட்டி பொருத்திய பீரங்கியின் பின்னால். அவர்களுடைய சித்தப்பா மகன் ஸ்வெரேயிடம் கயிறும் அதைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும். குளிர்காலம் முழுக்க காட் மீன். மே வந்தால் பீரங்கியின் உறையைக் கழற்றுவோம்.

போர்ஹில்டுக்குப் பதினொரு வயதானபோது அப்பா ஓத்மார் அவளைக் கடலுக்குக் கூட்டிப் போனார். அப்போதைய ஈட்டிமுனையில் வெடி கிடையாது, வெறும் இரும்பு. அது தைத்த மிங்கே திமிங்கலம் கயிற்றில் கிடந்து இழுத்தது.

"உள்ள போய் காப்பி கொதிச்சிருச்சான்னு பாரு" என்றார் ஓத்மார்.

அவள் போகவில்லை. பிறந்தநாளுக்கு வந்த கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாற்பத்தொரு நிமிடம். கரை சேர்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அது விலகிப் போய்க்கிட்டு இருந்துச்சே, ஏன் அப்பவே சுட்டீங்க?" அதன் பிறகு மகளைப் படகில் ஏற்றிக்கொண்ட நாள்களில் மட்டும் அவர் கொஞ்சம் காத்திருந்து சுட்டார் என்று ஐலிஃப் சொல்வான்.

நடுவில் சில வருடம் வேட்டையே நின்றிருந்தது. அவள் சால்மன் பண்ணையில் தீவனம் போட்டாள். வேட்டை திரும்பத் தொடங்கிய பிறகு ஒரு வசந்தத்தில் சுடுவோருக்கான தேர்வுக்குப் போனாள். சுடுபவர்கள் எல்லாரும் வருடா வருடம் அதில் தேற வேண்டும். மேசையில் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாரோட மனைவி?" என்று கேட்டார்.

"இன்னும் யாரோடயும் இல்ல. முதல்ல சுட்டுட்டு வர்றேன், மாப்பிள்ளை இருந்தா அப்புறமா சொல்லுங்க."

அந்த வருடம் அவளைவிட நன்றாகச் சுட்டவர் யாரும் இல்லை.

அவள் வழக்கம் எளியது. திமிங்கலம் பக்கவாட்டில், முழு விலாவையும் காட்டிக்கொண்டு குறுக்கே போக வேண்டும். அப்போதுதான் துடுப்புக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டில் ஈட்டி இறங்கும், வெடி உள்ளே வெடிக்கும், அது தெரியாமலே சாகும். விலகிப் போகும் திமிங்கலத்தைச் சுட்டால் ஈட்டி கொழுப்பைக் கிழித்துக்கொண்டு மறுபுறம் போய்த் தண்ணீரில் வெடிக்கும். அதனால் அவள் காத்திருப்பாள். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். சுட்டதும் அழுத்துவாள். தாடை தொங்கி, துடுப்பு துவண்டு விழுந்ததும் மறுபடி அழுத்துவாள். பெரும்பாலும் முதல் அழுத்தத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஒன்றும் இருக்காது.

எங்களுக்குச் சம்பளம் இல்லை, பிடிப்பில் பங்குதான். அவள் விட்டுவிட்ட ஒவ்வொரு திமிங்கலமும் எங்கள் மூன்று பேர் பையிலிருந்தும் போனது. ஸ்வெரே சும்மா இருக்க மாட்டான்.

"என்ன போர்ஹில்ட், பாதிரியார் வந்து ஜெபம் பண்ணணுமா? ஆள் அனுப்பவா?"

"அனுப்பு. உன் வாயையும் அப்படியே மூடிட்டுப் போகச் சொல்லு."

ஊர் பேசும் அந்தத் திமிங்கலத்தைச் சுட்ட வருடம் அரசாங்கம் சில படகுகளில் கால்நடை மருத்துவர்களை ஏற்றியது. திமிங்கலம் சாக எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுவது அவர்கள் வேலை. எங்கள் படகுக்கு டாக்னி வந்தாள். முப்பது வயதுக்குள். தெற்கே, பண்ணைப் பகுதியைச் சேர்ந்தவள். புது ரப்பர் பூட்ஸ்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் ஸ்வெரே ஆரம்பித்தான். நான் திமிங்கலக் கறியை வெங்காயத்தோடு வதக்கி, உருளைக்கிழங்கும் குழம்புமாக வைத்திருந்தேன். டாக்னி மறுக்காமல் சாப்பிட்டாள்.

"கோழிக்கு யாரும்மா வாட்ச் புடிக்கிறாங்க?" என்றான் ஸ்வெரே.

"நான்தான். போன வருஷம் கோழி அறுக்குற இடத்துல இருந்தேன். அங்கயும் இதே வாட்ச்தான்."

"அங்க வாசல்ல கொடி புடிச்சிக்கிட்டு யாராவது நின்னாங்களா?"

"இல்ல."

"பாத்தியா? எல்க் மான் குண்டு பட்டு காட்டுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிச் சாகுது. அதுக்கு எவனும் வெளிநாட்டுலருந்து கப்பல்ல வர மாட்டான். நம்ம கிட்டதான் வருவான்."

"இந்தத் தண்ணில மிங்கே நிறைய இருக்கு. அதை எண்ணிப் பாத்துட்டாங்க" என்றான் ஐலிஃப். "அப்புறம் என்ன பேச்சு?"

போர்ஹில்ட் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "எத்தனை மிச்சம் இருக்குங்கிறது ஒரு கேள்வி. எப்படிச் சாகுதுங்கிறது வேற கேள்வி. யாராவது ரெண்டாவதைக் கேட்டா நாம முதலாவதுக்கு பதில் சொல்றோம். சின்னப் புள்ளையிலருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"அப்ப நீ யார் பக்கம்?" என்றான் ஸ்வெரே.

"பீரங்கிக்குப் பின்பக்கம். உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு."

நான்கு நாள் அவள் சுடவில்லை. திமிங்கலங்கள் இருந்தன. அலையும் மோசமில்லை. வழக்கமாகச் சுட்டிருப்பாள் என்று நான் நினைத்த இரண்டையும் விட்டுவிட்டாள். டாக்னி கையில் பலகையும் வாட்சுமாக அவளுக்கு ஐந்தடி பின்னால் நின்றுகொண்டே இருந்தாள். ஐலிஃப் மேலே சுக்கான் அறைக் கதவை அறைந்து சாத்தினான்.

ஐந்தாம் நாள் காலை தென்மேற்கிலிருந்து நீண்ட அலை எழுந்தது. டாக்னிக்கு முகம் வெளுத்தது. பலகையைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கிக் குனிந்து வாந்தி எடுத்தாள். அந்த நேரம் பார்த்து முன்னால் நாற்பது மீட்டரில் ஒரு முதுகு எழுந்தது. பக்கவாட்டில்தான் இருந்தது. ஆனால் திரும்பத் தொடங்கியிருந்தது. போர்ஹில்ட் சுட்டாள்.

சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெடி உள்ளே வெடித்தால் மந்தமாகக் கேட்கும். இது அப்படிக் கேட்கவில்லை.

திமிங்கலம் கயிற்றை இழுத்துக்கொண்டு கீழே போனது. ஸ்வெரே வின்ச்சை விட்டுப் பிடித்தான். அவள் ரைஃபிளை எடுத்துக்கொண்டு கம்பியோரம் நின்றாள். அது மேலே வந்தது, தலை அலைக்குள் மறைந்தது. மறுபடி வந்தது. அவள் சுட்டாள், படவில்லை. தண்ணீர் சிவந்தது. மூன்றாம் முறை மேலே வந்தபோது தலையைக் காட்டியது. அவள் சுட்டதும் தாடை தொங்கியது.

டாக்னி வாயைத் துடைத்துக்கொண்டு பலகையைத் தேடி எடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க, முதல் ஈட்டி எப்ப போச்சுன்னு நான் பாக்கல. சுமாரா எவ்வளவு ஆச்சு?"

ஐலிஃப் சுக்கான் அறையிலிருந்து இறங்கி வந்திருந்தான். "ரெண்டு நிமிஷம். அதிகம் போனா மூணு."

டாக்னி எங்களைப் பார்த்தாள். ஸ்வெரே கயிற்றைப் பார்த்தான். நான் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தேன்.

போர்ஹில்ட் கழுத்திலிருந்த வாட்சைக் கையில் எடுத்தாள்.

"போர்ஹில்ட்" என்றான் ஐலிஃப், குரலைத் தாழ்த்தி. "அந்த நம்பர் இந்தப் படகோட நிக்காது. வெளிநாட்டுல மேடை போட்டுப் படிப்பானுங்க. நம்ம எல்லார் தலையிலயும் விழும். நீ வாயைத் திறந்தா அடுத்த வருஷம் அந்த பீரங்கிகிட்ட நீ இல்ல. ஸ்வெரே நிப்பான்."

"நானா?" என்றான் ஸ்வெரே.

"ஒம்பது நிமிஷம் இருபது நொடி" என்றாள் போர்ஹில்ட். "எழுதிக்கோ டாக்னி. இன்னொண்ணும் எழுது. நீ பாத்துக்கிட்டு நின்ன நாலு நாளும் எனக்குக் கை வரல. நீ குனிஞ்சதும் சுட்டேன். அது திரும்புறது தெரிஞ்சும் சுட்டேன்."

"அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே" என்றாள் டாக்னி.

"ஓரத்துல எழுது."

அன்று கறி வெட்டும்போது ஈட்டி போன வழியை நான் கத்தியால் பின்தொடர்ந்தேன். நெஞ்சுக்கூட்டுக்கு ஒரு முழம் பின்னால் நுழைந்திருந்தது. அவள் பக்கத்தில் வந்து, கையை மணிக்கட்டு வரை விட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

குளிர்காலத்தில் அரசாங்க அறிக்கை வந்தது. படகின் பெயரோ ஆளின் பெயரோ இல்லை; மருத்துவர் வாந்தி எடுத்ததும் சுட்டவரே நேரம் சொன்னதும் மட்டும் ஒரு குறிப்பில் இருந்தன. ஐந்தில் நான்கு உடனே செத்தன என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. செய்தித்தாள் அதை விட்டுவிட்டு எங்கள் திமிங்கலத்தைத் தலைப்பில் போட்டது. ஊர்க்கடையில் ரொட்டி அடுக்குபவள்கூட வேட்டைக்காரர் யாரைப் பார்த்தாலும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மார்ச்சில் வேட்டைக்காரர்கள் கூட்டம். பள்ளிக்கூட ஜிம்மில் நாற்பது பேர், காப்பி, வாஃபிள். தலைவர் எழுந்து, "பேர் கேக்கல. ஆனா வாந்தி எடுத்துக்கிட்டு இருந்த டாக்டர்கிட்ட போய் நேரம் சொன்ன புண்ணியவான் யாரோ, அவன் நமக்கெல்லாம் குழி தோண்டிட்டான்" என்றார்.

போர்ஹில்ட் வாஃபிளை மென்று முடித்துவிட்டு எழுந்தாள்.

"புண்ணியவதி. நான்தான். குழி நான் சொன்னதுல இல்ல, சுட்டதுல இருக்கு. தப்பா சுட்டது ஒண்ணுகூட இல்லாத ஆளு இங்க இருந்தா எழுந்திரிங்க, நான் உக்காந்துக்கறேன்."

யாரும் எழவில்லை. கடைசி வரிசையில் ஒரு கிழவர், "எனக்கு முழங்கால் வலி, அதான் எழுந்திரிக்கல" என்றார். சிரிப்பு வந்தது. தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார்.

பெயர் வெளியே வந்ததும் தலைநகரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். வேட்டையை எதிர்ப்பவர்களில் ஒருத்தி. நான் அப்போது போர்ஹில்டின் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். குரல் எனக்கும் கேட்டது.

"உங்க நேர்மைக்கு நாங்க தலை வணங்குறோம். இனிமே நீங்க சுட மாட்டீங்க, இல்லையா?"

"மே மாசம் போறோம்."

"ஒம்பது நிமிஷம் அது துடிச்சதைப் பாத்த பிறகுமா?"

"பாத்ததாலதான் சொன்னேன். சொன்னா விட்டுடணும்னு யாரு உங்களுக்குச் சொன்னது? நீங்க நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"பருப்பு" என்றாள் அந்தப் பெண்.

போர்ஹில்ட் கொஞ்சம் யோசித்தாள். "சரி. உங்ககிட்ட எனக்கு வேற கேள்வி இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு என்னிடம், "அவ சொல்றதும் ஒரு பதில்தான். ஆனா என் பதில் இல்ல" என்றாள்.

ஐலிஃப் சொன்னதைச் செய்தான். ஸ்வெரே தேர்வு எழுதி, சுட்டு, தேறி வந்தான். மே மாதம் ஹாவ்சூலா கிளம்பியபோது அவன்தான் பீரங்கியின் பின்னால் நின்றான். போர்ஹில்ட் முணுமுணுக்காமல் வின்ச்சுக்குப் போனாள். வாட்ச் மட்டும் கழுத்தில் இருந்தது.

முதல் நாளே வெஸ்ட்ஃபியோர்டு விரிகுடாவின் நடுவில் ஒரு திமிங்கலம் எழுந்தது. முப்பது மீட்டர். கொஞ்சம் விலகிப் போனது.

"சுடுடா!" என்றான் ஐலிஃப் மேலிருந்து.

ஸ்வெரே சுடவில்லை. அது முங்கிவிட்டது. அடுத்தது பக்கவாட்டில் வந்தது. அதையும் விட்டான். மூன்றாவதற்கு ஈட்டியைத் திருப்பக்கூட இல்லை.

"அந்த எழவு வாட்சை உள்ள போடு" என்றான் போர்ஹில்டிடம்.

"அது உன்னை என்ன பண்ணுது?"

"ஓடுது."

"நான் இன்னும் அழுத்தவே இல்லையே."

"எனக்குக் கேக்குது." கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். "இங்க நின்னாத்தான் தெரியுது. கயிறு புடிக்கிறப்ப யாரு வேணா வாய் பேசலாம். ஐலிஃப்! எனக்கு வேணாம். வேணும்னா நீயே வந்து நில்லு."

ஐலிஃப் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். படகு அலையில் அப்படியே கிடந்தது. மூவரும் முன்தளத்தில் நின்றார்கள். பீரங்கியிடம் யாரும் போகவில்லை.

"சரி. நீயே நில்லு" என்றான் தங்கையிடம்.

"நிக்கிறேன். ஆனா இனிமே வாட்ச் ஸ்வெரே கையில. நேரத்தை எழுதுறது நீ, உன் படகுப் புத்தகத்துல, உன் கையெழுத்துல. டாக்டர் இருந்தாலும் இல்லாட்டியும். எவ்வளவு ஆனாலும்."

"அதை யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்காட்டியும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா திரும்பிப் போவோம். நான் வின்ச்சுல நல்லாத்தான் இருக்கேன்."

ஐலிஃப் கடலைப் பார்த்தான். வேட்டையின் முதல் நாள், அலை தாழ்ந்த நல்ல கடல். அவன் மேலே போய் இயந்திரத்தைக் கிளப்பினான். கதவைத் திறந்தே வைத்தான். புத்தகத்தை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே விரித்து வைத்தது எனக்குத் தெரிந்தது.

மதியத்துக்கு முன் ஒரு மிங்கே எங்கள் முன்னால் குறுக்கே போனது. அவள் காத்திருந்தாள். அது மூன்று முறை மூச்சு விட்டது. நான்காம் முறை விலா முழுதும் தெரிந்தது. சத்தம் மந்தமாகக் கேட்டது. துடுப்பு விழுந்துவிட்டது.

"பூஜ்யம்!" என்று கத்தினான் ஸ்வெரே, தானே சுட்டதுபோல.

ஐலிஃப் எழுதினான்.

மறுநாள் சுட்டது சாக நான்கு நிமிடம் ஐந்து நொடி ஆனது. ஸ்வெரே வாட்சை இரண்டு முறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். போர்ஹில்ட் ரைஃபிளைக் கீழே வைக்காமல் சுக்கான் அறையைப் பார்த்தபடியே நின்றாள்.

"நாலு நிமிஷமா?" என்றான் ஐலிஃப்.

"நாலு நிமிஷம் அஞ்சு நொடி" என்றாள் அவள்.

அவன் குனிந்து அதையும் எழுதினான்.