சங்கத்துக்கு ஒரு கொத்து நெல்

தர்மபுரம் குடியேற்றத்தில் அறுவடை முடிந்தால் நேசமலருக்கு இடுப்பு, நாரி எல்லாம் முறியும். சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய் அலையவேண்டும். வீட்டுக்கு ஒரு கொத்து நெல் அளந்து வாங்கவேண்டும். அதை விற்று மாதர் சங்கம் ஒரு காருக்குச் சொல்லிவைத்திருந்தது. நெல் கொடுத்த வீட்டில் யாருக்காவது பிள்ளைப்பேற்று நோ கண்டால் கார் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். கொடாத வீட்டுக்கு மாட்டுவண்டிதான்.

இதிலே கூத்து என்னவென்றால், கிழடுகட்டைகள் மட்டும் இருக்கிற வீடுகள் குவித்து அளந்தன. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடுகள்தான் படலையைச் சாத்தின.

“வயித்துப்பிள்ளையை வைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கெண்டு நெல் அளக்கப்படாது, பிள்ளை. நாங்களே கெடுதலைக் கூப்பிட்ட மாதிரி. பெத்தாப்பிறகு ரெண்டு கொத்தாத் தாறன்,” என்றாள் அன்னபாக்கியம்.

“பெத்தாப்பிறகு காரிலை கோயிலுக்கே போகப்போறியள், அக்கா?” நேசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்னபாக்கியத்தின் மருமகள் கமலாசனிக்கு இது இரண்டாவது. முதலாவது மாட்டுவண்டிக்குள்ளேயே செத்துப் பிறந்தது. அன்று வண்டியில் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தவள் நேசமலர். ஐயோ, அந்தப் பாதையும் அந்தக் கத்தலும்! இன்னொருமுறை அதைப் பார்க்க அவளிடம் தெம்பு இல்லை. அதனால் திரும்பத் திரும்பப் போய் நின்றாள்.

கடைசியில் அன்னபாக்கியமே ஒரு வழி சொன்னாள். “நெல் எங்கடை. நீ அள. உனக்குத்தான் பிள்ளைகுட்டி இல்லையே, உன்னை அந்தக் கெடுதல் என்ன செய்யப்போகுது?”

கலியாணம் கட்டின காலந்தொட்டுக் கேட்ட கதைதான். ஆனாலும் சுட்டது. சாக்கை உதறிவிட்டு வந்திருப்பாள். ஆனால் குசினி வாசலில் கமலாசனி வயிற்றுப் பாரத்தோடு நிலையைப் பிடித்தபடி நின்றாள். நேசமலர் குந்தி ஒரு கொத்து அளந்து சாக்கில் போட்டாள்.

வைகாசியில் கார் வந்தது. பிள்ளை உயிரோடு பிறந்தது.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்தபின் பிள்ளை பார்க்கப் போன நேசமலரை அன்னபாக்கியம் படலையடியில் மறித்தாள். “பிள்ளை நித்திரை. பிறகு வாவன்.”

உள்ளே பிள்ளை வீரிட்டுக் கத்தியது. பிள்ளையில்லாதவளின் கண்ணூறு பட்டுவிடுமாம். சண்டை பிடிக்கவும் அலுப்பாய் இருந்தது. நேசமலர் திரும்பி நடந்தாள்.

“மலரக்கா, போகாதேங்கோ!” கமலாசனி பிள்ளையோடு முற்றத்துக்கே வந்துவிட்டாள். “இந்தாங்கோ, பிடியுங்கோ. உங்களுக்குக் காட்டாமல் வேறை ஆருக்குக் காட்டுறது?”

பிள்ளையை வாங்கியதும் நேசமலருக்கு அழுகை வந்துவிட்டது. அன்னபாக்கியம் விறுவிறென்று குசினிக்குள் போய் உப்பும் செத்தல் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்தாள், கண்ணூறு கழிக்க. நேசமலர் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, பிள்ளையைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றாள்.