கால் மாட்டப் போய்ச் சேற்றில் விழுந்தேன்

செயற்கைக் கால் பொருத்துகிற தொழிலில் ஸ்பேனரைவிட வாயைத்தான் பத்திரமாகக் கையாள வேண்டும். ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ, அடுத்தவர் கஷ்டம் எதிரே நாற்காலி போட்டு உட்காரும் வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். பரிதாபம், அனுதாபம், ஒத்துணர்வு மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று படிக்கும்போது பரீட்சையில் கேட்டார்கள். ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பாஸும் ஆனேன். வித்தியாசம் தெரிந்தது அப்புறம்தான்.

அச்சச்சோ!

காளவாசல் பக்கம் எங்கள் பட்டறை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஸ்டெல்லா டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சர்க்கரைப் புண்ணால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அச்சச்சோ, பாவமே டீச்சர்! உங்களுக்குப் போயி இப்படியா? எப்படித்தான் தாங்குறீங்களோ!" என்று உச்சுக்கொட்டினேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். "தம்பி, கால் போயி நாலு மாசம் ஆச்சு. அழுது முடிச்சிட்டுத்தான் இங்க வந்திருக்கேன். திங்கக்கிழமை பத்தாம் வகுப்புக்குப் போகணும், அளவு எடுங்க!"

அரைக் கிலோ ஆப்பிள்

அடுத்து வந்தவர் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி கருப்பையா அண்ணன். லாரி மோதி இடது கால் போயிருந்தது. டீச்சரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதால் இவரிடம் உச்சுக்கொட்டவில்லை. உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டது. கால் கொடுத்த பிறகும் வாராவாரம் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன், கையில் அரைக் கிலோ ஆப்பிளோடு. "கவலைப்படாதீங்கண்ணே, எல்லாம் சரியாயிரும்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவரும் தலையாட்டினார். திரும்பி வரும்போது எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருக்கும்!

நாலாவது வாரம் குனிந்து செருப்பை மாட்டும்போதுதான் பார்த்தேன். நான் செய்து கொடுத்த கால் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. ஏண்ணே மாட்டலை என்று கேட்டேன். அவர் சங்கடத்தோடு சிரித்தார். "ஆப்பிளு அம்புட்டு ருசி சார். காலுதான் வரப்புல நிக்க மாட்டேங்குது."

நானும் ஒரு கால் மாட்டினேன்

அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் பட்டறையில் என் இடது முழங்காலை மடக்கிக் கட்டி, அதற்குக் கீழே பொருத்துகிற மாதிரி ஒரு கால் செய்தேன். அதை எடுத்துக்கொண்டு நேராகக் கருப்பையா அண்ணன் வயலுக்குப் போய், வரப்பில் வைத்தே மாட்டினேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

ஐயோ, அந்த நாலு எட்டு! பாதம் எங்கே பதிகிறது என்றே தெரியவில்லை. அடிப்பக்கம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. விழுந்துவிடுவேனோ என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டேன். பக்கத்து வயலில் களை எடுத்த அம்மா ஒருத்தி நிமிர்ந்து, "ஐயோ பாவம், இந்தப் புள்ளைக்கும் காலு போச்சா?" என்றாள். காதெல்லாம் சுட்டது! கருப்பையா அண்ணன் காலைக் கட்டிலுக்கடியில் ஏன் தள்ளினார் என்று அந்த நிமிஷம் புரிந்தது. பயம் பாதி, அந்தப் பார்வை பாதி. புரிந்த வேகத்திலேயே தொபுக்கடீரென்று சேற்றில் விழுந்தேன்.

அதுவரை என்னை 'சார்' என்றே கூப்பிட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, வரப்பிலேயே உட்கார்ந்து தன் கம்பை என் பக்கம் நீட்டினார். "இப்பத் தெரியுதா மாப்ள, எம்புட்டுக் கஷ்டம்னு? ம், ஊனி எந்திரி!"

பதினெட்டு எட்டு

கட்டிலுக்கடியில் கிடந்த அவருடைய காலை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடி வந்து பிரித்தேன். பாதத்தின் சாய்வை மாற்றி, அடியில் அகலமான ரப்பர் ஒட்டினேன். பத்து நாள் பயிற்சி. அதுவும் ரோட்டிலிருந்து யார் கண்ணுக்கும் படாத கடைசி வரப்பில். அவர் ஒரு எட்டு வைத்தால், நான் என் பொய்க்காலோடு பின்னாலேயே ஒரு எட்டு.

பதினோராம் நாள் தனியாக நடந்தார். நான் சத்தமாக எண்ணினேன். பன்னிரண்டில் தடுமாறினார், நான் கையை நீட்டவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதினெட்டாவது எட்டில் மோட்டார் ரூம் வாசல்! சுவிட்சைப் போட்டார், தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. நான் வரப்பில் குதித்துக் கூத்தாடினேன். கஞ்சித் தூக்கோடு வந்த அவர் மனைவி ராஜாத்தி அக்கா, அதைக் கீழே வைத்துவிட்டு, அழுதுகொண்டே தாங்கிப் பிடிக்க ஓடினார். கருப்பையா அண்ணன் போட்டார் ஒரு அதட்டல்: "ஏய், புடிக்காத! போயி வாய்க்காலைத் திருப்பிவிடு, தண்ணி பூராம் அடுத்தவன் வயலுக்குப் போகுது!"

அடுத்தவருக்காக மனசு இளகுவது மூன்று வகை என்றால், மூன்றாவது வகைக்குப் போகிறவர்கள் மட்டும் தயவுசெய்து மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போங்கள்.